கையிலேயே உடைந்த நார்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் தரும்படி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். உற்சாகம் என்னிடம் கையிருப்பில் இல்லை. வீங்கிய முழங்கால் இருக்கிறது, வராத தூக்கம் இருக்கிறது, காஸ்டிக் ஆவியில் கெட்டுப்போன மூக்கு இருக்கிறது. இவற்றை வைத்துக்கொண்டு என்ன எழுத முடியுமோ அதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் வைத்துவிட்டுப் போய் டீ குடியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. பெயர் எஸ்தர். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். பொருளை இழுத்து, வளைத்து, நசுக்கி, அது எப்போது உடைகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. கல்யாண வீட்டில் யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் 'உடைக்கிற வேலை' என்பேன். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்களா என்று வாயைப் பிளப்பார்கள்.

நீங்களும் இப்போது கற்றாழை நார், வாழை நார் என்று ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கண்ணாடி இழைக்குப் பதிலாக நாரை ரெசின் என்கிற பிசினில் பதித்துப் பலகை, பெட்டி, கார் கதவின் உள்பக்கத் தகடு எல்லாம் செய்யலாம் என்று. செய்யலாம். செய்யவும் வேண்டும். கண்ணாடி இழையை அறுத்தவர்களின் இருமலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், அதனால் நாருக்கு நான் எதிரி இல்லை. எதிரி இல்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

நாரைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் இதை அலுவலகத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் நாலு வரி. பச்சை நாரின் மேல் மெழுகும் பசையும் ஒட்டியிருக்கும். அவை இருக்கிற வரையில் ரெசின் நாரைச் சரியாகப் பிடிக்காது. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்தால் அதெல்லாம் கழன்று, மேல்பக்கம் சொரசொரப்பாகி, ரெசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பலகைக்கு அதனால் பலம் கூடும். ஆனால் காஸ்டிக்குக்கு எது அழுக்கு, எது நார் என்று தெரியாது. வெள்ளை வேட்டியைச் சோடா போட்டு அவித்தால் பளிச்சென்று வரும். ஆசைப்பட்டு மேலும் மேலும் போட்டு அவித்தால், பந்தியில் உட்காரும்போது கிழியும். நார் விஷயமும் அவ்வளவுதான்.

எங்கள் நார்ப் பிரிவுக்கு ஒருவர் தலைவராக வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், சார் என்றே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போய் வந்தால் எல்லோருக்கும் நேந்திரம் சிப்ஸ் கொண்டுவருவார், தன் டிபன் டப்பாவைத் தானே கழுவுவார், யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். வில்லன் இல்லாத கதை இது. வில்லன் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு தட்டியிருக்காது, திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவருக்கு இங்கே நிரந்தர வேலை கிடையாது. நார்த் திட்டம் நன்றாக வந்தால் நீட்டிப்பார்கள், இல்லாவிட்டால் இல்லை.

அவர் காஸ்டிக்கின் அளவைக் கூட்டினார், சூட்டையும் கூட்டினார், ஊறும் நேரத்தையும் கூட்டினார். நார் தங்க நிறத்தில் பட்டு மாதிரி வந்தது. இழுத்துப் பார்த்த சோதனையில் பச்சை நாரைவிட எவ்வளவோ மேலே நின்றது. அந்த நாரை வைத்துப் பலகை செய்து, இரண்டு முட்டு மேல் கிடத்தி, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். அசையவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள் என்று கேள்வி. நான் அப்போது முழங்காலில் நீர் கோத்து வீட்டில் படுத்துக் கிடந்தேன், எனக்கு ஸ்வீட்டும் வரவில்லை.

அந்தப் பலகைகளைச் சோதனைக்காக வாங்கிக்கொண்டது மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடம். அங்கே ஆள் உயரத்துக்கு மேலான சிலைகள் செய்யும்போது சவுக்குக் கழிகளைக் கட்டிச் சாரம் போடுவார்கள். அதன் மேல் மாம்பலகையைப் போட்டுச் சிற்பி உட்கார்ந்தும் நின்றும் செதுக்குவார். மாம்பலகை கனம். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றுவதென்றால் இரண்டு ஆள் வேண்டும். எங்கள் பலகையோ ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிடலாம். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான் வேலைக்குத் திரும்பியபோது பலகைகள் போய்ச் சேர்ந்து, அவற்றின் மேல் ஆட்கள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் சும்மா உட்காரப் பிடிக்காமல், நாரை ஒட்டுகிற மேஜைக்குப் போனேன். காகிதத்தில் சின்னச் சட்டம் வெட்டி, நடுவில் ஜன்னல் போல ஓட்டை விட்டு, ஒற்றை நாரை அதன் குறுக்கே வைத்து இரு முனையிலும் பசை போட்டு ஒட்ட வேண்டும். பிறகு மெஷினில் மாட்டிக் காகிதத்தின் ஓரங்களை வெட்டிவிட்டால், மெஷின் நாரை மட்டும் இழுக்கும். இது பொறுமையான வேலை, எங்களில் கலாதான் இதில் கைதேர்ந்தவள். நான் ஒரு நாரை எடுத்து நிமிர்த்தினேன், உடைந்தது. இன்னொன்றை எடுத்தேன், பசை போடும்போது உடைந்தது. படுத்தே கிடந்ததில் கை மரத்துப்போயிற்று போல என்று நினைத்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தேன்.

கலா என் கையைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள். அவள் எனக்குப் பல வருஷப் பழக்கம், செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவள்.

"உனுக்கும் ஒடையுதாக்கா?" என்றாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. அதிலிருந்து தன் கை நடுங்குகிறது, அதனால்தான் நார் உடைகிறது என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் குப்பைக் கூடையை அடிக்கடி காலி செய்துகொண்டிருந்திருக்கிறாள். பசையை மாற்றிப் பார்த்திருக்கிறாள், ஃபேனை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். சொன்னால் வேறு மேஜைக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயம்.

"இன்னா பண்ணுவ ஒடைஞ்சா?" என்று கேட்டேன்.

"எப்பவும் பண்றதுதான்க்கா. தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்துக்குவேன். இந்த லாட்டு நாரு ரொம்ப பேஜாரு. ஒண்ண ஒட்டறதுக்குள்ள ஒரு கைப்பிடி பூடுது."

அவள் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. ஒட்டும்போது உடைந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதுதான் விதி. எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள். பச்சை நாருக்கு அந்த விதி சரி, ஏனென்றால் பச்சை நார் மேஜையில் உடைந்தால் அது நம் கை உடைத்தது. ஆனால் இந்த நார் நம்மால் உடையவில்லை. காஸ்டிக் அதை உள்ளே வரைக்கும் தின்றுவிட்டதால் தானாக உடைந்தது. தின்னப்பட்டதெல்லாம் கூடைக்குப் போக, தப்பித்த கொஞ்சம் மட்டும் மெஷினுக்குப் போயிற்று. தப்பித்தவை எப்படியும் நல்ல நார்கள். அவற்றை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, நார் பலமாகிவிட்டது என்று எழுதிவிட்டோம்.

பலகையின் மேல் ஆள் நிற்கிறான் என்பதுதான் முதலில் தோன்றியது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒட்டும்போது உடைந்ததை ஒதுக்கச் சொல்லி விதியிலேயே இருக்கிறதே என்றார். இருக்கிறது என்றேன். மணல் மூட்டை அடுக்கியும் பலகை தாங்கியதே என்றார். தாங்கும் சார், மெதுவாக ஏற்றினால் தாங்கும், ரெசின் கெட்டியாகப் பிடித்திருக்கிறது என்றேன். ஆனால் சாரத்தில் யாரும் மூட்டை மாதிரி மெதுவாக உட்கார மாட்டார்கள். குதிப்பார்கள், கல்லைப் போடுவார்கள், சுத்தியல் விழும். பச்சை நார்ப் பலகை உடைவதற்கு முன் நார் ஒவ்வொன்றாகப் பிடி விட்டு, முனகி, தொய்ந்து, மேலே நிற்பவனுக்கு இறங்க அவகாசம் கொடுக்கும். இது எந்தச் சத்தமும் கொடுக்காமல் ஒரேயடியாகப் போகும். இதைச் சொல்லி முடித்தபோது சார் மேஜையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அவருடைய அறிக்கை மேலே போய்விட்டது. பாராட்டும் வந்துவிட்டது. பலகையைத் திரும்ப எடுத்தால் அதோடு அவருடைய நீட்டிப்பும் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பெண் குழந்தைகளை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனிதரிடம் கெட்ட செய்தி சொல்வதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை.

அவர் சிற்பக் கூடத்து முதலாளிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கிரைண்டர் ஓடும் இடத்தில் போன் மணி யாருக்குக் கேட்கும். எழுந்து, வண்டி எடுக்கச் சொல்லிவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அன்று பௌர்ணமி. திருக்கழுக்குன்றத்தில் மலை சுற்ற வந்த கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் வேன் ஊர்ந்தது. டிரைவர் ஹாரன் அடிக்க, ஒரு அம்மா வேன் மேல் தட்டி, சாமி மலை சுத்தறோம், இன்னா அவசரம் என்று சண்டைக்கு வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஊரைத் தாண்டியபோது சார் கேட்டார்.

"நீங்க சொல்றது தப்பா இருந்தா என்ன மேடம் பண்றது?"

"தப்பா இருந்தா என்னைத் திட்டுங்க சார். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சிற்பக் கூடத்தில் உளிச் சத்தமும் கல் தூசியுமாக இருந்தது. நடுவில் ஒரு பெரிய கருங்கல் அம்மன் சிலை. அதைச் சுற்றிச் சாரம். அம்மனின் தோள் உயரத்தில் எங்கள் பலகை மேல் ஒருவர் குந்தி உட்கார்ந்து காது பக்கம் செதுக்கிக்கொண்டிருந்தார். பெயர் ஏழுமலை. அவருடைய பெற்றோரும் என் பெற்றோர் மாதிரி கூலிக்கு வயலில் இறங்கியவர்கள்தான், அவர் கல்லுக்கு மாறி வந்து நல்ல பெயர் எடுத்திருந்தார். கீழே கொட்டிக் கிடந்த கற்சில்லுகள் மேல் நின்றுகொண்டு நான் அவரை இறங்கி வரச் சொன்னேன்.

"வேலை நடந்துகினு கீது, தெரியல?" என்றார், திரும்பாமலே.

சொன்னேன், பலகையில் சந்தேகம் இருக்கிறது, திரும்ப எடுக்க வந்திருக்கிறோம் என்று. அப்போதுதான் திரும்பினார். இறங்குவதற்குப் பதிலாக எழுந்து நின்று, பலகையின் மேல் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"இத்தினி நாளா இதும் மேலதான் நின்னுகினு கீறேன். இன்னா ஆச்சி? இதுக்கு முன்ன அந்த மரத்தத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சி. இப்பத்தான் நிம்மதியா கீறேன்."

முதலாளி வந்தார். பெரிய ஆர்டர் வேறு எங்கோ கிடைத்துவிட்டது, அதனால் இந்தப் பலகையை எடுத்து அங்கே கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்றார். கும்பாபிஷேகத் தேதி குறித்தாயிற்று, சாரத்தைப் பிரித்தால் சிலை நேரத்துக்கு முடியாது என்றார். நான் கூடையில் உடைந்த நாரைப் பற்றிச் சொன்னேன். கல்லோடு வாழ்கிறவர்களிடம் முடி மொத்தமுள்ள நார் உடைந்த கதையைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் சிரித்தே விட்டார்.

கடைசியில் ஏழுமலைதான் இறங்கி வந்தார். தோளில் ஒரு பலகையோடு. அதை இரண்டு கல் மேல் கிடத்திவிட்டு, மூலையில் கிடந்த ஒரு கல் துண்டை இருவராகத் தூக்கி அதன் மேல் போடச் சொன்னார். போட்டார்கள். பலகை அதிர்ந்தது, உடையவில்லை. மறுபடி போட்டார்கள். உடையவில்லை. சுற்றி நின்ற எல்லோரும் ஓ என்று சத்தம் போட்டார்கள். மேடத்தையே ஏறிக் குதிக்கச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் வந்தது. முழங்கால் இப்படி இல்லாதிருந்தால் குதித்துத் தொலைத்திருப்பேன், அவ்வளவு கோபம்.

சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அவர் கெஞ்சவில்லை. ஆனால் போதும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். அவர் குழந்தைகள் அதே பள்ளியில் படிக்கும். ஏழுமலைக்கு இடுப்பு வலிக்காது. கண்ணெதிரே பலகை முழுசாகக் கிடக்கிறது, நான் ஒருத்திதான் அது உடையும் என்கிறேன்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நிமிஷத்தைத்தான். மெஷினை ஓட்ட யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். ஒரு பலகை உடையவில்லை என்றால், அந்த ஒரு பலகை உடையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நல்ல நார்கள் தற்செயலாக அதில் சேர்ந்திருக்கலாம். பக்கத்துப் பலகையில் என்ன சேர்ந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, இத்தனை பேர் முன்னால் தனியாக நிற்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்பில்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம் சார்," என்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே போய்ச் சாரத்துக்கு அடியில் நின்று பலகைகளை வாங்க ஆரம்பித்தார். முதலாளி, இனிமேல் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசிப் பலகையை ஏழுமலை கொண்டுவந்து வேனில் எறிந்தார். என்னைத் திட்டினார். என்ன திட்டினார் என்று எழுத முடியாது.

எங்கள் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பலகை மேலும் எடையை உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை தாங்கின. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு பலகை இரண்டு துண்டாகப் போயிற்று. வெட்டின மாதிரி சுத்தமான உடைசல், முன்கூட்டி ஒரு முனகல் இல்லை. பிறகு இன்னும் சில போயின. சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கலா போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழுமலை மிதித்த அந்த மிதி மட்டும்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

சார் அறிக்கையை மாற்றி எழுதினார். இந்த முறை மேஜையில் உடைந்ததையும் உடைந்தது என்றே சேர்த்தார். அப்படிப் பார்த்தால் எங்கள் தங்க நிற நார் பச்சை நாரைவிட மட்டமாக வந்தது. அதோடு விடாமல், காஸ்டிக்கைக் குறைத்து, சூடு இல்லாமல், கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, காஸ்டிக் வாடை போகிற வரையில் அலசி, நிழலில் காயவைத்துப் பார்த்தோம். நார் கொஞ்சம் பழுப்பாகத்தான் இருந்தது, பட்டு மாதிரி இல்லை. ஆனால் கலாவின் கையில் உடையவில்லை. அதில் இரண்டு பலகை செய்தோம். எங்கள் ஆசை தீர எடையைப் போட்டோம். கடைசியில் அவையும் உடைந்தன, உடையாத பொருள் உலகத்தில் இல்லை. ஆனால் நன்றாக முனகி, தொய்ந்து, சொல்லிவிட்டு உடைந்தன. எனக்கு அந்த முனகலைக் கேட்க அவ்வளவு இதமாக இருந்தது.

இன்னும் கொஞ்ச காலம் கொடுங்கள் என்று சாரும் நானும் மேலே போய்க் கேட்டோம். வாடிக்கையாளர் போய்விட்டார், திட்டப் பணம் முடிந்துவிட்டது, நாரே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றார்கள். சாருக்கு நீட்டிப்பு வரவில்லை. குடும்பத்தோடு ஊருக்குப் போய் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். போகிற அன்றும் சிப்ஸ் கொண்டுவந்தார். நான் சாப்பிடவில்லை.

இதோடு நிறுத்தினால் இது கேட்க நன்றாக இருக்கும். ஓய்வு விழாவில் பேசச் சொன்னபோது இங்கேதான் நிறுத்தினேன். ஒரு உயிரைக் காப்பாற்றிய சோதனைக்கூடம் என்று எல்லோரும் கை தட்டினார்கள். உங்களிடம் அப்படி நிறுத்த மனசு வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஏழுமலை சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பலகை உடையவில்லை. மழையில் ஊறின மாம்பலகை. துணைக்கு வர வேண்டியவன் அன்றைக்கு வரவில்லை. வேலை நிற்கிறதே என்று தனியாகவே அதை அடுத்த கழிக்கு மாற்றப் பார்த்திருக்கிறார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள்.

புதுப்பட்டினத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வீடு. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். போகாமலே இருந்திருக்கலாம், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அவர் மனைவி சாந்தி குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்கிறவர், அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் பழத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நேராகக் கேட்டார்.

"நீங்கதான வந்து அந்தப் பலகையெல்லாம் எடுத்துக்கினு போனது?"

ஆமாம்மா என்றேன்.

"அது இருந்தா இவுரு தனியா தூக்கி வெச்சிருப்பாரு. உழுந்திருக்க மாட்டாரு. அது ஒடைஞ்சுதா?"

"சிலது ஒடைஞ்சுதும்மா. எங்க கூடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தப்ப."

"மீதி?"

"மீதி ஒடையல."

"அப்ப மீதியத் திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?"

எது உடையும், எது உடையாது என்று பார்த்துச் சொல்ல முடியாதும்மா என்றேன். என் சர்வீஸ் முழுக்கப் பல பெரிய மனிதர்களுக்கு இதைப் புரியவைத்திருக்கிறேன். அங்கே அந்த வாக்கியம் எனக்கே பொய் மாதிரி கேட்டது. சாந்தி கத்தவில்லை, அழவும் இல்லை. தெரிஞ்சிக்கிறதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க என்று சொல்லிவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போனார்.

கட்டிலில் படுத்திருந்த ஏழுமலை, வுடு சாந்தி என்றார். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினார். அன்றைக்குத் திட்டிய ஆளா இது என்று இருந்தது, முகம் அப்படி ஒட்டிப்போயிருந்தது.

"அத்த வுடுங்க மேடம். நான் ஒண்ணு கேக்கறேன். அதே மாதிரி லேசா, நல்லதா ஒரு பலகை செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"செஞ்சி பாத்தீங்களா?"

"பாத்தோம். நல்லா வந்துது."

"அப்ப எங்க அது?"

அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப மரந்தான்," என்றார்.

சாந்தி டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அதற்குத்தான் எனக்குப் பேர். ஆனால் கெட்ட பலகையை எடுத்த இடத்தில் நல்ல பலகை போய்ச் சேரவில்லை. அது போய்ச் சேருகிற வரையில் வேலை முடியாது என்பதை எங்களுக்கு மேலே இருந்தவர்களுக்குப் புரியவைக்க எங்களுக்குத் தெம்பு போதவில்லை. உங்களுக்கு அந்தத் தெம்பு இருக்கும் என்று நினைத்துத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். புது மெஷின் வந்திருக்கிறது என்கிறார்கள், திட்டப் பணமும் வந்திருக்கிறது என்கிறார்கள்.

ஏழுமலைக்குக் கால் கூடிவிட்டது. லேசாக விந்தி நடக்கிறார். போன மாதம் மாமல்லபுரம் போனபோது வெளியிலிருந்து பார்த்தேன், வேறொரு பெரிய சிலை, அதே சவுக்குச் சாரம், மாம்பலகை. விசாரித்தேன். துணைக்கு ஆள் வருகிற நாளில் இரண்டு பேராகப் பலகையை மாற்றுகிறார்களாம். வராத நாளில் அவர் தனியாகத்தான் மாற்றுகிறாராம்.